வராத தண்ணீருக்கு எட்டு மணி நேரம்

அருமைநாயகத்தின் காதைப் பற்றிக் கீரனேரி நகராட்சியில் யாருக்கும் குறை இருந்ததில்லை. குறை கேட்கும் பிரிவில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தவர் அவர். எவ்வளவு கோபமாக வந்தவரும் அவர் முன்னால் பத்து நிமிஷம் பேசினால் சாந்தமாகிவிடுவார். தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, எதிரே இருப்பவர் சொல்வதைத் தவிர உலகத்தில் வேறு எதுவுமே நடக்கவில்லை என்பதுபோல அருமைநாயகம் கேட்பார். நடுநடுவே "அப்படியா" என்பார். கொஞ்சம் பெரிய குறையாக இருந்தால் "அடடா." கடைசியில் "பாத்துடுவோம்." வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போவார். தண்ணீர் மட்டும் வராது.

அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஓர் இயந்திரம் இருந்தது. சொன்னதையெல்லாம் ஓர் எழுத்து விடாமல் பதிவு செய்யும் இயந்திரம். பதிவான குறையை முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் ஆணையரின் வேலை போய்விடும் என்று சட்டம் சொன்னது. அடுத்தடுத்து மூன்று ஆணையர்களுக்கு வேலை போயிற்று. நான்காவதாக வந்தவர் சட்டத்தை முழுதாக உட்கார்ந்து படித்தார். வாய்ப்பேச்சாகச் சொன்ன குறையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்று கண்டுபிடித்தார். மறுநாளே இயந்திரத்தைத் தூக்கிப் பழைய சாமான் அறையில் போட்டுவிட்டு அருமைநாயகத்தை உட்கார வைத்தார்கள். அவருக்கு வந்த உத்தரவு இரண்டே வரி. பொறுமையாகக் கேட்க வேண்டும். பேனாவைத் தொடக் கூடாது.

அருமைநாயகம் பேனாவைத் தொடவில்லை. மனசையும் தொடவிடவில்லை. பேச்சு காது வழியாக வரும், போகும். நடுவில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவியிடம் சொல்ல அலுவலகக் கதை ஒன்றுகூட இருக்காது.

அப்படிப்பட்டவர் முன்னால்தான் ஒரு புதன்கிழமை காலை ஹெப்சிபா வந்து உட்கார்ந்தார். பொதுச்செவி வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். நாற்பது வயதிருக்கும். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. வானொலி நிலையத்தில் மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சின் நடுவில் சட்டென்று நிறுத்தி, அருமைநாயகத்தின் முகத்தையே பார்த்தார்.

"சார், நான் சொல்றத நிஜமாவே கேக்கறீங்களா?"

"கேக்கறேன்மா. சொல்லுங்க."

"என் வாழ்க்கையில நான் பேசி யாரும் இப்படிக் கேட்டதில்ல." ஹெப்சிபாவின் கண் லேசாகக் கலங்கியிருந்தது. "நீங்க பாட்டு கேப்பீங்களா?"

"பெட்டி போடும். கேப்பேன்."

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் ஒரு பெட்டி இருந்தது. நம் மனநிலையை நமக்கு முன்னால் தெரிந்துகொண்டு, அதற்குத் தோதாக ஒரு பாட்டை அப்போதே செய்து போட்டுவிடும். நாம் கொட்டாவி விடுவதற்குள் தாளம் மாறிவிடும். பதினைந்து வருஷமாக ஊரில் யாரும் தனக்குப் பிடிக்காத சத்தம் ஒன்றைக் கேட்டதே கிடையாது. ஒரே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் புருஷனும் பெண்டாட்டியும்கூட வேறு வேறு பாட்டில் இருந்தார்கள்.

பொதுச்செவி வானொலி மட்டும் எல்லாருக்கும் ஒரே சத்தத்தைத் தருவது என்று பிடிவாதமாக இருந்தது. அதில் ஹெப்சிபா நடத்திய நிகழ்ச்சியின் பெயர் 'புதுச்சத்தம்'. இதுவரை யாரும் கேட்டிராத பரிசோதனை இசையை ஒலிபரப்புவது அதன் நோக்கம். ஒலிபரப்பிய பிறகும் அது யாரும் கேட்டிராத இசையாகவே இருந்தது. மக்கள் சராசரியாக நாற்பது வினாடி தாங்கினார்கள். ஒரே ஒருவர் மட்டும் ஒரு முழு நிகழ்ச்சியையும் கேட்டதாகக் கணக்கு காட்டியது. ஹெப்சிபா நன்றி சொல்ல நேரில் போனார். வீடு பூட்டியிருந்தது. அந்த மனிதர் வானொலியை நிறுத்த மறந்து திருச்செந்தூருக்குப் போயிருந்தார்.

"இப்ப ஒரு புதுக் கருவி வந்திருக்கு சார். செவிவாங்கின்னு பேரு" என்றார் ஹெப்சிபா. "ஒரு தொப்பி மாதிரி தலையில மாட்டிக்கணும். நீங்க ஒரு சத்தத்தக் கேட்டா, அந்தச் சத்தத்த அது எடுக்காது. நீங்க கேக்கறத எடுக்கும்."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"இல்ல சார். ஒருத்தர் ரசிச்சு சாப்பிடறதப் பாத்தா நமக்கும் பசிக்குதுல்ல? அது மாதிரிதான். சும்மா இசையப் போட்டா யாரும் நிக்க மாட்டேங்கறாங்க. நல்லா கேக்கற ஒருத்தர் காது வழியாப் போட்டா கேக்கறவங்களுக்கும் அந்தக் கவனம் வந்துடும். அப்படி ஒரு காதத்தான் ஒரு வருஷமாத் தேடறேன். இதுவரைக்கும் வந்தவங்கள்ல ஒருத்தர் பன்னெண்டாவது நிமிஷம் தொப்பியப் பிச்சு எறிஞ்சுட்டு ஓடிட்டார். இது உங்களாலதான் சார் முடியும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை இருபத்தாறு வருஷத்தில் யாரும் அருமைநாயகத்திடம் சொன்னதில்லை. அவர் அன்று சாயங்காலமே ஆணையர் திருஞானத்திடம் போய் அனுமதி கேட்டார். திருஞானம் ஆறு மாதம் முன்னால்தான் வந்தவர். "தாராளமாப் போங்க. நகராட்சிக்கு நல்ல பேரு" என்றார். பின்னால் இந்த வாக்கியத்தை அவர் பலமுறை நினைத்துப் பார்த்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு வானொலி நிலையத்தில் இசையமைப்பாளர் யாழ்வேந்தனை அருமைநாயகத்துக்கு அறிமுகம் செய்து வைத்தார்கள். ஒல்லியான, உயரமான மனிதர். தோளில் ஒரு துணிப்பை. சிரிப்பது தொழிலுக்கு ஆகாது என்று முடிவு செய்த முகம்.

"படைப்போட பேரு 'வறண்ட குழாய்'" என்றார் யாழ்வேந்தன். "எங்க தெரு முனையில இருக்கற குழாய். எட்டு மணி நேரம் பதிவு பண்ணினேன். ஒரு வினாடிகூட வெட்டல."

"அதுல தண்ணி எப்ப வரும்?"

யாழ்வேந்தன் அவரைப் பரிவோடு பார்த்தார். "அந்தக் கேள்விதான் சார் படைப்பு."

அறை சின்னது. சுவர், தரை, கூரை எங்கும் முக்கோண முக்கோணமாகப் பஞ்சுக் கட்டிகள். நடுவில் ஒரு நாற்காலி. எதிரே சுவரில் ஓர் எண்பலகை. எத்தனை வானொலிகள் நிகழ்ச்சியில் இருக்கின்றன என்று காட்டும். உற்சாகத்துக்காக வைத்தது என்றார் ஹெப்சிபா. தொப்பியை மாட்டி, தாடைக்குக் கீழே பூட்டினார். பன்னிரண்டு நிமிஷத்தில் ஓடியவருக்குப் பிறகு செய்த ஏற்பாடு அது.

"அவசரம்னா இந்த மணிய அழுத்துங்க. ஆனா கதவு திறக்க அரை மணி ஆகும். வெளிச் சத்தத்தக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விட்டுத்தான் திறக்க முடியும். இந்த அமைதிக்குப் பழகின காதுல திடீர்னு ஒரு தும்மல் விழுந்தாகூட இடி விழுந்த மாதிரி இருக்கும். காது போயிடும்."

எட்டு மணி நேரத்தில் மனிதனுக்கு வேறு அவசரங்களும் வருமே என்று அருமைநாயகம் கேட்டார். அதற்கும் நாற்காலியிலேயே ஓர் ஏற்பாடு இருந்தது. அதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

கதவு மூடியதும் அவருக்கு முதலில் கேட்டது தன் வயிறுதான். காலையில் சாப்பிட்ட நாலு இட்லியும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. பிறகு ரத்தம் ஓடும் சத்தம். பிறகு கண்ணிமை மூடும் சத்தம். ஒன்பது மணிக்கு இசை ஆரம்பித்தது.

புஸ்ஸ்.

அவ்வளவுதான். குழாயில் காற்று வரும் சத்தம். அருமைநாயகம் தலையை இடப்பக்கம் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, அலுவலகத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்தார். சத்தம் வந்தது, போயிற்று. எண்பலகையில் பதினொன்று என்று இருந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் பதினொன்றாகவே இருந்தது. வெளியே ஹெப்சிபா அதற்கே துள்ளிக் குதித்ததாகப் பிறகு சொன்னார்கள்.

பத்தேகால் இருக்கும். புஸ்ஸ் என்ற சத்தத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"புஸ்ஸுனு காத்துதான் சார் வருது. மூணாவது வார்டு, பதினாலாம் நம்பர் வீடு. அஞ்சு நாளாச்சு."

அருமைநாயகம் பழக்கத்தில் "அப்படியா" என்றார். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தார். பஞ்சைத் தவிர ஒன்றும் இல்லை. குரல் அவருக்குள்ளிருந்து வந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வந்த அம்மாள். பெயர் செல்லக்கிளி. அன்று பச்சைப் புடவை கட்டியிருந்தாள். வாயைக் குவித்து அந்தச் சத்தத்தை அப்படியே செய்து காட்டியிருந்தாள்.

அடுத்து ஒரு ஆண் குரல். அதற்கடுத்து இன்னொன்று. யோசித்துப் பார்த்தால் இருபத்தாறு வருஷத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் அவர் முன்னால் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டியவர்கள். சத்தத்தைக் கேட்டதும் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவதாகத்தான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். மறு காதில் வாசலே இல்லை போலிருக்கிறது. எல்லாம் உள்ளேயே கிடந்தது, பெயர், வார்டு, கதவு எண், தேதி உட்பட. வரிசையில் நின்று பழகியவர்கள் என்பதால் இப்போதும் வரிசையாகத்தான் வந்தார்கள். கையில் டோக்கன்கூட இருந்தது. கண்ணை மூடினால் அந்த நீளமான வரிசை தெரிந்தது. ஒருவர் பேசி முடித்து நகர்ந்ததும் அடுத்தவர் முன்னால் வந்தார். அவருக்கு நல்ல பேச்சுத்துணையாக இருந்தது.

எண்பலகை நாற்பது ஆயிற்று. பிறகு தொள்ளாயிரம். பதினொன்றரை மணிக்கு ஆறாயிரம். பரவாயில்லையே, குழாய் பிடித்துவிட்டதே என்று யாழ்வேந்தனை நினைத்து அருமைநாயகம் சந்தோஷப்பட்டார்.

வெளியே நடந்தது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. செல்லக்கிளி அம்மாளின் மகள் தற்செயலாக வானொலியைத் திருப்பியிருக்கிறாள். செத்துப்போன அம்மாவின் குரல் வருகிறது, தண்ணீர் வரவில்லை என்கிறது. அவள் அலறிக்கொண்டு தெருவையே கூப்பிட்டாள். அரை மணி நேரத்தில் கீரனேரி முழுக்கப் பெட்டியை அணைத்துவிட்டு வானொலியைப் போட்டது. ஆளாளுக்குத் தங்கள் பழைய குறை எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். பொது ஒலிபரப்பில் பெயரோடும் தேதியோடும் வந்த குறை பதிவான குறைதான் என்று சட்டம் தெரிந்த ஒருவர் சொல்ல, அதுவும் பரவிவிட்டது. ஆணையர் திருஞானம் லுங்கியோடு வானொலி நிலையத்துக்கு ஓடி வந்தார்.

"நிறுத்துங்க மேடம். இது என்ன இசையா, மனுநீதி நாளா?"

"அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது சார்" என்றாராம் ஹெப்சிபா. "வெளியேருந்து காதுக்கு வந்ததா, உள்ளேயே கேக்குதான்னு அது பாக்காது. அவர் கேக்கறத அப்படியே எடுக்குது."

"அப்ப ஒலிபரப்ப நிறுத்துங்க."

"இருபதாயிரம் பேர் கேக்கறாங்க சார். எங்க நிலையம் தொடங்கின நாள்லேருந்து கூட்டிப் பாத்தாலும் இவ்வளவு வராது."

யாழ்வேந்தன் முதலில் தன் குழாய்க்குள் கண்டவர்களும் புகுந்துவிட்டதாகக் கத்தினார். பிறகு ஒரு விமர்சகர், குரல்களைப் பயன்படுத்தியிருக்கும் விதம் துணிச்சலானது என்று செய்தி அனுப்பினார். அதைப் படித்ததும் யாழ்வேந்தன் அமைதியாகி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே, மதியம் ஒன்றரை மணிக்குக் கந்தப்பன் வந்தார். குழாயில் தண்ணீர் மெல்ல வருகிறது என்று ஆரம்பித்தவர், பேச்சுவாக்கில், பக்கத்து வீட்டுக் குழாயில் தான் திருட்டு மோட்டார் வைத்திருப்பதையும் சொன்னவர். மோட்டார் என்ற சொல் வந்ததும் எண்பலகை ஒரே தாவாக நாலாயிரம் ஏறியது.

அருமைநாயகத்துக்கு ஏதோ உறைத்தது. மெனக்கெட்டு ஒரு சப்பையான குறையை நினைத்துப் பார்த்தார். பூங்காவில் ஒரு பெஞ்சு ஆடுகிறது. எண்பலகை ஐந்நூறு இறங்கியது. பிறகு தலைமையாசிரியர் பரமானந்தம் வந்தார். தெருநாய் ஒழிப்புச் சங்கத்தின் தலைவர். சங்கத்தின் சார்பாகக் குறை சொல்லிவிட்டு, எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தி, அவற்றில் ஏழு நாய்களுக்குத் தான் பெயர் வைத்திருப்பதாகவும் தினமும் பால்சோறு போடுவதாகவும் சொன்னவர். எண்பலகை மூவாயிரம் ஏறியது.

அருமைநாயகத்துக்கு இப்போது முழுதாகப் புரிந்தது. குழாய் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. தான் கேட்பதைத்தான் ஊரே கேட்கிறது. கந்தப்பன் வீட்டு வாசலில் அப்போதே மோட்டார் தெருவில் உருண்டுகொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது, ஆனால் ஊகிக்க முடிந்தது. இவர்கள் எல்லாரும் தன்னை நம்பியா சொன்னார்கள்? இல்லை, இவர் எதையும் மனசில் வாங்க மாட்டார் என்று நம்பிச் சொன்னார்கள்.

அவர் கண்ணை மூடி வரிசையைப் பார்த்தார். பத்துப் பேருக்குப் பின்னால் தேன்மலர் நின்றுகொண்டிருந்தாள்.

தேன்மலர் நகரப் பேருந்தில் கண்டக்டர். பேருந்து தானாகவே ஓடும். ஆனால் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் சாக்கடை அடைப்பு என்று வந்தவள், அதைச் சொல்லி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அவள் கணவன் நிலாவில் சுரங்கத்துக்குக் குழாய் பொருத்தும் வேலைக்குப் போயிருப்பதாக ஊருக்கே தெரியும். மாலை போட்டு வழியனுப்பியது நகராட்சிதான்.

"அவர் நிலாவுக்குப் போகல சார்" என்று தேன்மலர் அன்று சொன்னாள். "திண்டிவனத்துல இறங்கிட்டார். அங்க ஒரு பேனர் கடை. அந்தக் கடைக்காரம்மாவோட இருக்கார். நான் யார்கிட்டயும் சொல்லல. ஒரு தடவயாவது வாய்விட்டுச் சொல்லணும்னு இருந்துச்சு. நீங்கதான் யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க, எழுதக்கூட மாட்டீங்க."

அதற்கு அருமைநாயகம் "அடடா" என்றிருந்தார். கடைசியில், பழக்க தோஷத்தில், "பாத்துடுவோம்" என்றும் சொல்லியிருந்தார்.

இப்போதும் அவள் பேருந்தில் யாராவது விசாரித்தால் சலிக்காமல் பதில் சொல்வாள். இன்னும் இரண்டு வருஷம் நீட்டிச்சிருக்காங்க. அங்க வெயில் ஜாஸ்தியாம்.

எண்பலகை முப்பத்தெட்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. அருமைநாயகம் மணியை அழுத்தினார். அரை மணி நேரம். பத்துப் பேர் பேசி முடிக்க இருபது நிமிஷம் போதும். தொப்பியை இழுத்தார், தாடைதான் வலித்தது. ஒழுங்காகப் பதினாறாம் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். பதினாறு ஏழில் தடுமாறியபோது வரிசையில் மூன்று பேர் முன்னால் வந்துவிட்டார்கள். மணியை அழுத்தியதைக் கேட்டு வெளியே கதவு திறக்கும் வேலையை ஆரம்பித்திருக்கலாம் என்று நம்பினார். ஹெப்சிபா மணியைப் பார்த்தார் என்பதும், முப்பத்தெட்டாயிரத்தையும் பார்த்தார் என்பதும், பார்த்துவிட்டுக் கிராம்பைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார் என்பதும் பின்னால் தெரிந்த விஷயங்கள்.

இன்னும் நாலு பேர். மூன்று பேர். உள்ளே கேட்பதை நிறுத்த வேண்டுமானால் வெளியே கேட்பதை முழுசாகக் கேட்டாக வேண்டும். வேறு வழி தெரியவில்லை. வெளியே இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

புஸ்ஸ்.

அருமைநாயகம் தலையை நேராக நிமிர்த்தினார். புருவத்தை விட்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சத்தத்தைக் கேட்க உட்கார்ந்தார்.

அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லி முடியாது. பாரம் தூக்குவதுபோல இருந்தது. பத்து வினாடி கேட்பார், மனம் நழுவும், தேன்மலர் ஓரடி முன்னால் வருவாள். இழுத்துப் பிடித்துத் திரும்பக் குழாய்க்கு வருவார். இதில் கேட்க என்னதான் இருக்கிறது என்று எரிச்சலோடு காதைக் கிட்டத்தில் கொண்டுபோனார். ஏதோ இருந்தது. புஸ்ஸ் ஒரே சத்தம் இல்லை. அடியில் ஒரு மெல்லிய விசில். அது ஏறும்போது குழாய் லேசாக நடுங்கியது. நடுக்கம் நின்றால் எங்கோ தூரத்தில், இரண்டு தெரு தள்ளி இருக்கலாம், பூமிக்கடியில் தண்ணீர் புரண்டு படுப்பதுபோல ஒரு சத்தம். அருமைநாயகம் மூச்சை அடக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். அது வளைவில் திரும்பியது. அவரும் திரும்பினார். வாய்க்கு அருகில் வந்து, உள்விளிம்பில் ஈரமாக ஒட்டி, ஒரு சொட்டாகத் திரள ஆரம்பித்தது.

எண்பலகை வடிந்துகொண்டிருந்தது. இருபத்தொன்பதாயிரம். பதினோராயிரம். எண்ணூறு. அவர் பார்க்கவில்லை. அவருக்குச் சொட்டு விழ வேண்டும். சொட்டு பருத்தது, தொங்கியது, ஆடியது. இரண்டரை மணியா, மூன்றரை மணியா என்று தெரியாமல் அந்த ஒரு சொட்டோடு இருந்தார். வரிசையில் தேன்மலர் டோக்கனோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஐந்து மணிக்கு இசை முடிந்தது. எண்பலகையில் நான்கு. சொட்டு விழவில்லை.

கதவு திறந்தபோது ஹெப்சிபா கிராம்பைக் கடித்தது மரம் முறிந்ததுபோலக் கேட்டது. அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "என்ன சார் ஆச்சு? ரெண்டு மணிக்கு மேல திடீர்னு நின்னுபோச்சே" என்றார். மணியை அழுத்தினேனே என்று அருமைநாயகம் கேட்டார். ஹெப்சிபா வேறெங்கோ பார்த்தார்.

ஆணையர் திருஞானம் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "பதினஞ்சு வருஷக் குறை போகட்டும், நான் பாத்துக்கறேன். மிச்சம் பதினோரு வருஷத்த அமுக்கிட்டீங்க பாருங்க. நகராட்சிமேல இப்படி ஒரு விசுவாசமா?" பதவி உயர்வுக்கு எழுதுவதாகவும் சொன்னார். எழுத்தில் தரமாட்டார் என்று அருமைநாயகத்துக்குத் தெரியும்.

யாழ்வேந்தன் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது. "கடைசி மூணு மணி நேரம் நீங்க நிஜமாவே கேட்டீங்க சார். எனக்குத் தெரிஞ்சுது."

"அந்தச் சொட்டு ஏன் விழல?"

"விழுந்திருந்தா அது வணிக இசை சார்."

கடைசியில் குழாயைக் கேட்டதன் காரணத்தை அருமைநாயகம் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தேன்மலரின் விஷயமும் வெளியே வந்துவிடுமே. வீட்டுக்கு நடந்தே போனார். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறோம், அது அவளுக்குக்கூடத் தெரியாது என்ற நினைப்பு நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. இருபத்தாறு வருஷ வேலையில் செய்த முதல் காரியம் அது என்றும் தோன்றியது.

திங்கட்கிழமை ஊரெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி முப்பது நாள். ஆணையரே மண்வெட்டியோடு நின்றார். பரமானந்தம் சங்கத்தின் தலைவர் பதவியை விட்டுவிட்டு ஏழு நாய்களோடு காலாற நடந்து போனார். கந்தப்பனும் பக்கத்து வீட்டுக்காரரும் மட்டும் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அது ரொம்ப நாள் நீடித்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தேன்மலர் குறை கேட்கும் பிரிவுக்கு வந்தாள். சீருடையில் இருந்தாள். வாசலில் பேருந்து நின்றுகொண்டிருந்தது. உட்காரவில்லை.

"ஞாயித்துக்கிழமை என்ன சார் பண்ணீங்க?"

"என்னம்மா?"

"ஏழாவது வருஷம் வந்துச்சு, பத்தாவது வருஷம் வந்துச்சு. வரிசையாத்தான் வருதுன்னு தெரிஞ்சதும் நான் லீவு சொல்லிட்டு வீட்டுக்கு ஓடினேன். மாமியாரையும் நாத்தனாரையும் கூப்பிட்டு ரேடியோ முன்னாடி உக்கார வெச்சேன். பொண்ணயும் பக்கத்துல வெச்சுக்கிட்டேன்."

அருமைநாயகத்துக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"பதினோரு வருஷமா எனக்கு வாய் வரல சார். உங்ககிட்ட ஒரு தடவ வந்துச்சு, அதோட சரி. அந்தத் தேன்மலரே வந்து சொல்லிடுவா, எல்லாம் முடிஞ்சிடும்னு இருந்தேன். கரெக்டா என் முறை வர்றப்ப குழாயத் திறந்து விட்டுட்டீங்க."

"உங்க நல்லதுக்குத்தாம்மா. வெளிய தெரிஞ்சா உங்களுக்கு..."

"என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அருமைநாயகம் வாயைத் திறந்தார். அப்படியா என்று சொல்ல முடியவில்லை. அடடா என்றும் சொல்ல முடியவில்லை. வாசலில் பேருந்து தானாகவே ஒருமுறை ஹாரன் அடித்தது. தேன்மலர் திரும்பிப் பார்த்து, "இரு, வர்றேன்" என்று அதை அதட்டினாள்.

"தப்புதாம்மா" என்றார் அவர். "கேட்டிருக்கணும். அப்புறம் என்ன ஆச்சு?"

தேன்மலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன ஆகும்? ஒரு மணி நேரம் பொறுத்தோம். நாத்தனா எந்திரிச்சுப் போயிட்டா. பொண்ணு தலகாணிய எடுத்து ரெண்டு காதுலயும் அழுத்திக்கிட்டா. நிறுத்தித் தொலைடின்னாங்க மாமியார். இருங்கத்த, இப்ப வரும், இப்ப வரும்னு நானும் சொல்லிட்டே இருந்தேன். என்னடி வரும், தண்ணியான்னு கேட்டாங்க. ரெண்டே முக்கால் மணி நேரம் சார். அந்தச் சத்தம் மண்டைக்குள்ள பூந்து குடையுது. ரேடியோவ நிறுத்தினா விஷயம் வராது, விஷயம் வராம நிறுத்த முடியாது. அதுக்கு மேல என்னால தாங்கவே முடியல. நானே சொல்லிட்டேன். நிலா, திண்டிவனம், பேனர் கடை, எல்லாத்தையும்."

"மாமியார் என்ன சொன்னாங்க?"

"ஒன்பது வருஷமாத் தெரியும்டின்னாங்க. மாசாமாசம் அவர் போன் பண்ணுவாராம். நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்னாங்க." தேன்மலர் கண்டக்டர் பையைத் தோளிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தாள். "என் கையப் புடிச்சுக்கிட்டாங்க சார். பதினோரு வருஷத்துல அவங்க அப்படிப் புடிச்சதே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம், இப்பவாவது அந்த ரேடியோவ நிறுத்துடின்னாங்க."